கல் மட்டி வாழையை அழியாமல் காப்பது எப்படி?

கேள்வி (திருவட்டாறு):
அப்பா காலத்தில் எங்கள் விளையில் (தோட்டத்தில்) கல் மட்டி என்னும் மட்டி வாழை வகை இருபது மூடு நின்றது. ரப்பர் வைத்த பிறகு மூன்றே மூடு மிஞ்சியிருக்கிறது. பழத்தின் நடுவே கல்போல நெறுநெறுவெனக் கடிபடுவதால் சந்தையில் யாரும் கேட்பதில்லை. நெல்லாக இருந்தால் காயவைத்து எடுத்து வைக்கலாம், விதையே இல்லாத வாழையை என்ன செய்வது? 2023-இல் கன்னியாகுமரி மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதால் இனிக் கவலையில்லை என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. அது சரியா?

பதில் (நாகர்கோவில்):
அண்ணாச்சி சொல்வது பாதிதான் சரி. புவிசார் குறியீடு காப்பது பெயரை. அதனால் ஒரு கன்றுகூட மண்ணில் ஊன்றப்படுவதில்லை. நாள் மட்டி, தேன் மட்டி, நெய் மட்டி, செம்மட்டி என்று வகைகள் பல இருக்க, விலை கூடினால் வியாபாரி கேட்கும் வகையே பெருகும், கல் மட்டி இன்னும் ஒதுக்கப்படும் என்பது என் அச்சம்.

உண்ணும் வாழை கருவுறாமலே காய்ப்பதால் விதை வைப்பதில்லை. கிழங்கிலிருந்து எழும் கன்றுதான் அதன் தொடர்ச்சி. ஆகவே விதைக் களஞ்சியம் இதற்கு உதவாது, உயிருள்ள செடியாகவே வைத்திருக்க வேண்டும். 1993-இல் தொடங்கப்பட்ட திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையம் பல வகைகளைத் தோட்டத்தில் வளர்த்துக் காக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 1,500-க்கும் மேற்பட்ட வகைகள் சோதனைக்குழாய்களில், ஏறத்தாழ 16 டிகிரி குளிரில், மெல்ல வளரும்படி வைக்கப்பட்டுள்ளன. அவற்றையும் அவ்வப்போது புது ஊட்டக் கலவைக்கு மாற்றியாக வேண்டும் என்பதால், நுனிக்குருத்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறையவைத்தும் சேமிக்கிறார்கள்.

பதில் (தோவாளை):
ஆய்வகம் இருக்கட்டும் ஐயா, முதலில் அந்த மூன்று மூடும் ஒரே விளையில் நிற்பதுதான் ஆபத்து. 2017 ஒக்கிப் புயலில் ஓரிரவில் எத்தனை விளைகள் சாய்ந்தன என்பது நம் மாவட்டத்தாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகிவிடும் முடிக்கொத்து நோய் இன்னும் மோசம். அசுவினிப் பூச்சி பரப்பும் அந்த வைரசுக்கு மருந்தில்லை, நோய் கண்ட மூட்டைக் கிழங்கோடு தோண்டி அழிக்கத்தான் வேண்டும். வெளியே நலமாகத் தெரியும் கன்றுக்குள்ளும் அது ஒளிந்திருக்கலாம் என்பதால், தாய்மரத்தைப் பல மாதம் கவனித்த பிறகே கன்று எடுங்கள். குறுகிய இலையுடைய ஈட்டிக்கன்றாகப் பார்த்து, கிழங்கை நன்றாகச் சீவி, வெவ்வேறு ஊர்களில் நான்கைந்து பேருக்குக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இப்படிக் கன்று கொடுப்பதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

பதில் (நாகர்கோவில்):
இல்லை. விதையை (நடும் கன்றும் இதில் அடங்கும்) சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமே ஏற்கிறது. பூதப்பாண்டிப் பக்கம் எனக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. இரண்டு கன்று எனக்கும் ஒதுக்கி வையுங்கள்.