மறு: 'லேயிங் ஆஃப்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'நீவல்' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக ஒரு வீட்டில் வேலை. இரவு வந்து கையைக் கழுவவே நேரம் சரியாக இருந்தது. இன்றுதான் மடல்களை மொத்தமாகப் படித்தேன். ஒரு பெயின்ட் வேலைச் சொல்லுக்கு இத்தனை பேர் மெனக்கெட்டுக் கருத்துச் சொல்வீர்கள் என்று நான் நினைக்கவில்லை, மிக்க நன்றி. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. நான் இங்கிலாந்தில் சர்ரி பக்கம் சமையலறை அலமாரிகளுக்கும் மர சாமான்களுக்கும் கையால் பெயின்ட் அடிக்கிறேன். ஸ்ப்ரே கிடையாது; பிரஷ்ஷும் நாலு அங்குல ரோலரும்தான். இங்கே இது தனித் தொழில். சட்டம் போட்ட ஷேக்கர் பாணிக் கதவுகளைப் பொருத்திய இடத்திலேயே பூசுவார்கள். பல வருடம் கழித்து நிறம் அலுத்துவிட்டால் அலமாரியைப் பிடுங்க மாட்டார்கள், எங்களைக் கூப்பிடுவார்கள். என்னிடம் வேலை பழக வந்திருக்கும் சித்தி மகனுக்காகத் தமிழில் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். பிரைமர், பட்டி, உப்புத்தாள் வரைக்கும் தடையில்லாமல் போனது. 'லேயிங் ஆஃப்' வந்ததும் நின்றுவிட்டது. அகராதியில் ஆட்குறைப்பு என்று போட்டிருக்கிறது. அதனால்தான் 'நீவல்' என்ற சொல்லை ஒரு வரையறையோடு, விக்சனரி என்ற இணைய அகராதிக்காக, இங்கே முன்வைத்துக் கருத்துக் கேட்டேன்.

> அது வெறும் 'கடைசிப் பூச்சு'தானே? புதுச்சொல் எதற்கு?

இல்லை ஐயா. கடைசிப் பூச்சு என்றால் ஃபைனல் கோட். நான் கேட்பது ஒவ்வொரு பூச்சிலும் நடக்கும் ஒரு கைவேலை. பிரைமரிலும் உண்டு, முதல் கோட்டிலும் உண்டு. கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பெயின்டை எடுத்துப் பலகையில் இரண்டு மூன்று பட்டையாக வைக்கிறோம். அப்புறம் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து எங்கும் ஒரே கனமாகப் பரப்புகிறோம். இந்த நிலையில் பார்த்தால் பலகை அலங்கோலமாக இருக்கும். எல்லாத் திசையிலும் கோடு. மூன்றாவதாக, பிரஷ்ஷில் புதுப் பெயின்ட் எடுக்காமல், கிட்டத்தட்ட படுக்கைவசமாகச் சாய்த்து, மயிர்நுனி மட்டும் படும்படி ஒரே திசையில் ஒரு இழுப்பு. புதிதாகப் பூசிய இடத்தில் தொடங்கி, முன்பே பூசிய ஈரத்துக்குள் போய், விமானம் தரையை விட்டு எழும்புவதுபோல் மெல்லத் தூக்க வேண்டும். பிறகு அதை ஒட்டி அடுத்த இழுப்பு. கை அழுத்தவே கூடாது. எனக்குக் கற்றுத்தந்த பெரியவர் பிரஷ்ஷின் எடை மட்டுமே பலகையில் இறங்க வேண்டும் என்பார். ஒரு வாரம் முழுக்க என்னை அதை மட்டும் செய்யவைத்தார். இந்த மூன்றாவது செயல்தான் லேயிங் ஆஃப். அமெரிக்காவில் டிப்பிங் ஆஃப் என்பார்கள். படகுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் ரோலரில் உருட்டிவிட்டு உடனே பிரஷ் நுனியால் இதையே செய்கிறார்கள்.

கையால் பூசிய சமையலறையின் அழகு முழுக்க இந்த மூன்றாவது செயலில்தான் இருக்கிறது. அதற்குத் தமிழில் ஒரு பெயர் இல்லாமல் குறிப்பு எழுதுவது உப்பில்லாமல் சமைப்பது மாதிரி இருந்தது எனக்கு.

> 'வருடல்' என்று வைக்கலாமே, அழகான சொல்.

அழகான சொல்தான் அக்கா, நானும் முதலில் அங்கேதான் போனேன். ஆனால் கணினித் தமிழில் ஸ்கேனருக்கு வருடி என்று வைத்து அது நன்றாக ஊன்றிவிட்டது. அதைவிடப் பெரிய தடை, வருடுவதற்குத் திசை கிடையாது. கன்னத்தை வருடும்போது விரல் இப்படியும் போகும் அப்படியும் போகும். இந்த வேலையில் போய்த் திரும்பினால் பூச்சு கெட்டது.

'இழைத்தல்' என்று ஒருவர் சொல்லியிருந்தார். மர இழையின் போக்கில் போவதால் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் ஆசாரிகள் இழைப்புளி பிடித்து மரத்தைச் சீவுவதுதான் இழைத்தல். ஒரே கதவில் இருவரும் வேலை செய்யும்போது ஒரே சொல் இரண்டு வேலையைக் குறித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

> என் மாமனார் வீட்டுக் கதவுக்கு எனாமல் அடிக்கும்போது "கடைசியா ஒரே இழுப்பா இழுத்து விடு" என்பார். 'இழுப்பு' போதாதா?

இந்த மடலைத்தான் நான் நாலு தடவை படித்தேன். வேலை செய்பவர் வாயில் இருக்கும் சொல்லுக்கு முன்னால் நாம் உட்கார்ந்து யோசிப்பது எப்போதும் இரண்டாம்பட்சம். ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம். தண்ணீர்ப் பெயின்ட் அரைகுறையாகக் காய ஆரம்பித்ததும் பிரஷ் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அப்போது எங்கள் வாயில் தானாக வருவது "இழுக்குது" என்பதுதான். அந்தக் கோளாறுக்கு இழுப்பு என்பதை விட்டால் வேறு நல்ல சொல் இல்லை. ஆகவே உங்கள் மாமனாரின் சொல்லைக் கோளாறின் பெயராகப் பதிவு செய்யலாம் என்பது என் வேண்டுகோள். அவர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

இப்போது 'நீவல்'. கால் நீவிவிடுகிறோம், தலையை நீவிவிடுகிறோம். புடவைக் கொசுவத்தை நீவிவிடு என்கிறோம். மூன்றிலும் கை ஒரே திசையில் போகிறது. மூன்றிலும் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதைச் சீராக்குகிறோம். கொசுவம் நீவுவதைக் கண்முன் கொண்டுவந்து பாருங்கள்: விரல்நுனி மேலிருந்து கீழே வழுக்கிப் போய்க் கடைசியில் தானாக விலகும். என் கையில் பிரஷ் செய்வது அச்சு அசல் அதுதான்.

> சுளுக்கு நீவும்போது அழுத்தித்தானே நீவுகிறோம்? நீங்களோ அழுத்தவே கூடாது என்கிறீர்கள்.

நியாயமான கேள்வி. வைத்தியர் சுளுக்கு எடுக்கும்போது அழுத்துகிறார், உண்மை. ஆனால் அழுத்தம் நீவுதலுக்குள் எப்போதும் இருப்பதில்லை. குழந்தையின் தலையை யாரும் அழுத்தி நீவுவதில்லை. வரையறையில் 'அழுத்தாமல்' என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறேன்.

ஏன் அழுத்தக் கூடாது என்பதற்கு வெறும் கைப்பழக்கம் காரணமல்ல. பிரஷ் விட்டுப்போகும் கோடுகள் ஈரத்திலேயே எப்படிச் சமமாகின்றன என்று 1962இல் ஆர்ச்சர்ட் என்பவர் கணக்குப் போட்டார். பெயின்டின் பரப்பு இழுவிசைதான் மேட்டைப் பள்ளத்தில் இறக்குகிறது. கோடுகளுக்கு இடையே உள்ள தூரம் பாதியானால் சமமாகப் பிடிக்கும் நேரம் 16இல் 1 பங்காகக் குறைகிறது. பூச்சின் கனம் பாதியானால் அதே நேரம் 8 மடங்காகிறது. லேசாக நீவினால் பிளந்த மயிர்நுனிகள் நெருக்கமான, மெல்லிய கோடுகளை விடுகின்றன. நாம் அடுத்த சட்டத்துக்குப் போவதற்குள் அவை மறைந்துவிடும். அழுத்தினால் மயிர்கள் கற்றை கற்றையாகச் சேர்ந்து அகலமான வரிகள் விழும், கூடவே பெயின்டும் ஒதுங்கி மெலிந்துபோகும். இரண்டும் சேர்ந்தால் கோடு அங்கேயே காய்ந்துவிடும். இதைப் படித்த நாளில் அந்தப் பெரியவர் ஒரு வாரம் ஏன் என்னை அப்படி வாட்டினார் என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது.

இன்னொன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் பெயின்டிலிருந்து ஆவியாகும் கரைப்பான்களுக்கு உச்சவரம்பு வைத்தது. 2010 முதல் கதவு, சட்டம் போன்றவற்றுக்கான பெயின்டில், எண்ணெய் வகைக்கு லிட்டருக்கு 300 கிராம், தண்ணீர் வகைக்கு 130 கிராம். அப்போது பிரிட்டனும் உள்ளே இருந்தது. பலர் தண்ணீர்ப் பெயின்டுக்கு மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். பன்றிமயிர் பிரஷ் தண்ணீரில் ஊறித் தொளதொளவென்று ஆகிவிடும் என்பதால் நைலான், பாலியெஸ்டர் பிரஷ்கள் வந்தன. எண்ணெய்ப் பெயின்ட் நிதானமாகக் காய்ந்தது, கோடு தணிய நேரம் கிடைத்தது. தண்ணீர்ப் பெயின்டில் சில நிமிடம்தான். காய்வதைத் தாமதிக்கும் ஃப்ளோட்ரால் மாதிரி எதையாவது கலந்தால் கொஞ்சம் நீளும், அவ்வளவே.

அந்தச் சில நிமிடத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ஓப்பன் டைம் என்கிறார்கள். 'திறந்த நேரம்' என்று தயவுசெய்து வைக்காதீர்கள். கடை திறக்கும் நேரம் என்று படிப்பார்கள். என் பரிந்துரை 'ஈரக்கெடு'. கடனுக்குக் கெடு வைப்பதுபோல் ஈரத்துக்கும் ஒரு கெடு. கெடு தாண்டிய பிறகு பிரஷ்ஷை வைத்தால் என்ன ஆகும் என்பது எனக்கு அனுபவம். வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில், சமையலறை நடுவே இருந்த மேடையின் பக்கப் பலகையைப் பூசினேன். மேலே கண்ணாடிக் கூரை, ஜூலை வெயில் நேராக அதன்மேல். நீவி முடித்து நகர்ந்தவன், ஓரத்தில் ஒரு சின்ன வழிசல் தெரிகிறதே என்று திரும்பி வந்து ஒரே ஒரு தடவை நீவினேன். பிரஷ் கரகரவென்று பிடித்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு சுருங்கி, உழுத வயல் மாதிரி ஆனது. அதை அப்படியே விட்டுக் காயவைத்து, இரண்டு நாள் கழித்து 240 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பலகை முழுவதையும் மறுபடி பூசினோம். சித்தி மகனுக்கான குறிப்பில் இதை ஒரே வரியில் எழுத முடிந்தது: ஈரக்கெடு முடிந்தபின் நீவாதே, இழுப்பு விழும். மூன்று சொல்லும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்ததும் எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை வந்தது.

> எம்.டி.எஃப் பலகையில் இழையே கிடையாதே. 'இழையின் போக்கில்' என்ற வரையறை அங்கே என்ன ஆகும்?

மிகச் சரி, இதை நான் விட்டுவிட்டேன். இங்கே பல கதவுகளில் சட்டம் டியூலிப் மரம், நடுப்பலகை மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். சட்டத்தில் குறுக்குச் சட்டத்தைக் குறுக்கேயும் நிற்கும் சட்டத்தை மேலிருந்து கீழாகவும் நீவுவோம். வரிசை முக்கியம்: முதலில் உள்விளிம்பும் நடுப்பலகையும், அடுத்துக் குறுக்குச் சட்டங்கள், கடைசியில் நிற்கும் சட்டங்கள். குறுக்கே நீவும்போது மூட்டைத் தாண்டிக் கொஞ்சம் பெயின்ட் போய்விடும். நிற்கும் சட்டத்தை நீவும்போது அது துடைபட்டு, இரண்டு மரம் சேரும் கோடு கத்தியால் கீறியதுபோல் நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த ஒரு கோட்டைப் பார்த்தாலே கைப்பூச்சா ஸ்ப்ரேயா என்று சொல்லிவிடலாம். நடுப்பலகைக்கு இழை இல்லாவிட்டாலும் மரமாக இருந்தால் எப்படிப் போயிருக்குமோ அப்படி, நெடுக்காகவே நீவுகிறோம். ஆகவே வரையறையைத் திருத்தியிருக்கிறேன்.

'ஈரக்கரை' பற்றி. வெட் எட்ஜ், அதாவது பூசிய பகுதியின் இன்னும் காயாத விளிம்பு, அதற்கு நான்தான் இந்தச் சொல்லை முன்வைத்தேன், புடவைக் கரை, ஏரிக்கரை எல்லாம் மனதில் இருந்தது. ஒரு நண்பர், பேச்சில் கரைக்கும் கறைக்கும் வேறுபாடு தெரியாது, பெயின்ட் வேலையில் ஈரக்கறை என்று கேட்டால் ஆள் துணி தேடி ஓடுவார் என்று எழுதியிருந்தார். அவர் சொல்வது முழுக்க உண்மை. ஓக் மரத்தின் துவர் கசிந்து வெள்ளைப் பூச்சில் மஞ்சளாக ஏறுவதைக் கறை என்றுதான் நாங்களும் சொல்கிறோம். ஈரக்கரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 'ஈர ஓரம்' இருக்கட்டும். பகட்டில்லாத சொல், யாருக்கும் விளக்க வேண்டாம்.

கறை என்றதும் ஞாபகம் வருகிறது. பைன் மரத்தின் கணுக்களிலிருந்து பிசின் கசியாமல் இருக்க, பெயின்டுக்கு முன் நாட்டிங் என்று ஒன்று தடவுவார்கள். பிரிட்டனில் அதற்கு பி.எஸ். 1336 என்று தரநிலையே உண்டு. பாட்டிலைத் திறந்தால் உள்ளே இருப்பது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு! இந்தியக் காடுகளில் பூச்சி சுரப்பது, பாலிஷ் போடும் நம் ஆசாரிகள் தலைமுறையாகக் கையாள்வது. பொருள் நம்மிடமிருந்து போனது, பெயர் மட்டும் ஏன் கடன் வாங்க வேண்டும்? 'கணுவரக்கு' என்று எழுதிப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இதற்கு யாருக்காவது மறுப்பு இருந்தால் மென்மையாகச் சொல்லுங்கள்.

விக்சனரிக்கான பதிவு இப்போதைக்கு இப்படி:

நீவல் (பெயர்ச்சொல்): வைத்துப் பரப்பிய ஈரப் பெயின்டின்மேல், பிரஷ்ஷின் நுனி மட்டும் படும்படி, அழுத்தாமல், மர இழையின் போக்கிலோ இழையில்லாப் பலகையில் அதன் நெடுக்கிலோ, ஒரே திசையில் கடைசியாக ஓட்டி ஈர ஓரத்துக்குள் தூக்கிவிடுவது. வினை: நீவு, நீவிவிடு. பயன்பாடு: "பேனலை நீவிட்டு அப்புறம் சட்டத்துக்கு வா."

முன்னிரண்டு செயலுக்கும் வைத்தல், பரப்புதல் என்றே விட்டுவிடலாம். அவற்றுக்குப் புதுச்சொல் தேடுவது வீண்வேலை.

சனிக்கிழமை வரை காத்திருக்கிறேன். மாமனாரின் பதில் வந்தால் அதையும் சேர்த்துப் பதிவேற்றுகிறேன். எக்‌ஷெல் என்ற பளபளப்பு நிலைக்கு 'முட்டையோடு' என்று எழுதியவருக்குத் தனி இழையில் பதில் எழுதுகிறேன், அது இதைவிட நீளமான சண்டை.

அன்புடன்.