மேட்ச்பாக்ஸ் ஸ்ட்ரான்ரேர் 1/72: வாங்கலாமா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை வடிவமைத்த ஆர். ஜே. மிட்செலின் இன்னொரு விமானம் சூப்பர்மரைன் ஸ்ட்ரான்ரேர். 1934-இல் முதலில் பறந்த, இரட்டை அடுக்கு இறக்கை கொண்ட பறக்கும் படகு. மேட்ச்பாக்ஸ் நிறுவனம் வெளியிட்ட அதன் பழைய கிட் (பாகங்களை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரி, அசலில் 72-இல் ஒரு பங்கு அளவு) ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பெட்டி திறந்ததுதான், ஆனால் பாகங்கள் எதுவும் அவற்றை இணைத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டப்படவில்லையாம். சீல் உடையாத பெட்டியைவிட எனக்கு இதுவே மேல். உள்ளே இருப்பதைப் படம் கேட்டுப் பார்க்கலாமே.

கவலை டிகால் (தண்ணீரில் நனைத்து மாதிரியின் மேல் ஒட்டும் சின்னங்கள்) பற்றித்தான். தாள் மஞ்சளித்திருப்பது படத்திலேயே தெரிகிறது. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வெயில் காட்டினால் மஞ்சள் குறையும், சரி. தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டானால்? முன்கூட்டியே மேலே ஒரு கோட் கிளியர் வார்னிஷ் அடித்தால் தாங்குமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம், இதே அச்சில் வார்த்த கிட்டை ரெவல் என்ற இன்னொரு நிறுவனம் பின்னாளில் தன் பெட்டியில் வெளியிட்டது. மேட்ச்பாக்ஸின் பல நிற பிளாஸ்டிக் அழகுதான், எப்படியும் பெயின்ட் அடிக்கப்போகிறவனுக்கு அது எதற்கு! ரெவல் பெட்டி வைத்திருப்பவர்கள் கண்ணாடிப் பாகங்களையும் இறக்கைத் தாங்கிகளையும் கிட்டத்தில் படமெடுத்துப் போட முடியுமா? ஓரங்களில் பிசிறு அதிகமென்றால் மேட்ச்பாக்ஸையே வாங்கிவிடுவேன். விற்பவர் இந்த வாரக் கடைசிவரைதான் எனக்காக எடுத்துவைப்பாராம்.