தங்க அரிசி வந்தால் மாலைக்கண் போய்விடுமா?

கேள்வி – வரப்போரம்
கல்லூரியில் பட்டிமன்றம். "பசிக்கும் சத்துக்குறைவுக்கும் மரபணு மாற்றுப் பயிரே தீர்வு" என்பதை மறுத்துப் பேசும் அணியில் இருக்கிறேன். எதிரணி தங்க அரிசியைத்தான் (பீட்டா கரோட்டின் உண்டாகும்படி மரபணு மாற்றிய அரிசி) கையில் எடுக்கும். "இயற்கைக்கு விரோதம்" என்ற பல்லவி வேண்டாம், கணக்கோடு பேச ஏதாவது இருக்கிறதா?

தவிடு
கணக்கு இருக்கிறது. வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்ளும், ஆனால் சாதாரணத் தீட்டிய அரிசியில் அது கிடையாது. மக்காச்சோளத்திலிருந்து ஒரு மரபணு, பாக்டீரியாவிலிருந்து ஒன்று என இரண்டைச் சேர்த்துத் தங்க அரிசியில் அதை உண்டாக்குகிறார்கள். 2018-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் போன ஜிஆர்2இ என்ற தங்க அரிசி வகையில் சராசரி கரோட்டின் அளவு கிலோவுக்கு 1.26 மில்லிகிராம். பாதுகாப்பு பற்றி மேற்கொண்டு கேள்வி இல்லை என்றவர்கள், சத்து அதிகம் என்று விளம்பரப்படுத்தும் அளவுக்கு இது போதாது என்றும் எழுதினார்கள்.

இரண்டு வயதுக் குழந்தை நாளுக்கு 150 கிராம் அரிசி சாப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள் (அதுவே அதிகம்). கிடைப்பது 189 மைக்ரோகிராம் கரோட்டின். தங்க அரிசிக்குச் சாதகமான 3.8-க்கு 1 என்ற விகிதத்தில் (3.8 பங்கு கரோட்டினுக்கு 1 பங்கு வைட்டமின் ஏ) மாற்றினால் வைட்டமின் ஏ சுமார் 50 மைக்ரோகிராம். ஒரு நாள் தேவை 300. ஆறில் ஒரு பங்குதான்.

முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 6,780 மைக்ரோகிராம் கரோட்டின் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைக் கணக்கு. கீரைக்குப் பாதகமான 12-க்கு 1 விகிதத்தைப் போட்டாலும் 25 கிராம் கீரை தரும் வைட்டமின் ஏ 140 மைக்ரோகிராமைத் தாண்டும். ஒரு டீஸ்பூன் எண்ணெயாவது சேர வேண்டும், கொழுப்பில்லாமல் கரோட்டின் உடம்பில் ஒட்டாது. காயவைப்பதானால் நிழலில், வெயிலில் போட்டால் கரோட்டின் போய்விடும்.

நடுநிலைக் குசும்பன்
எதிரணி இதற்குப் பதில் வைத்திருக்கும், உஷார். அறுவடையான புதுசில் அளவு இதைவிட அதிகம். குழந்தைகளின் சராசரித் தேவையில் 30 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடு. அப்புறம், பிலிப்பைன்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஏப்ரலில் தங்க அரிசிக்கான அனுமதியை ரத்து செய்ததை "விஷம் என்று தீர்ப்பு" என்று பேசிவிடாதீர்கள். பாதுகாப்பு போதிய அளவு நிறுவப்படவில்லை, அதனால் முன்னெச்சரிக்கை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

தவிடு
அந்தப் "புதுசில்"தான் சிக்கலே. கரோட்டின் காற்றுப் பட்டால் சிதையும். நெல்லாக இருப்பதைவிடத் தீட்டிய அரிசியில் வேகமாக. நம் ஊரில் பழைய அரிசிக்குத்தானே மவுசு! ரேஷன் அரிசியோ கொள்முதல், கிடங்கு, ஆலை என்று சுற்றிவர மாதங்கள் ஆகும். சாக்கைப் பிரிக்கும்போது எவ்வளவு மிச்சம் என்பதை வைத்துத்தான் தேவையைக் கணக்கிட வேண்டும்.

நாற்றங்கால்
விளைச்சல் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிஆர்2-ஆர்1 என்ற முந்தைய தங்க அரிசி வகையை இந்தியாவில் ஸ்வர்ணா நெல்லோடு கலந்தபோது பயிர் குட்டையாகி, இலை வெளிறி, கதிர் சிறுத்துப்போனது. புகுத்திய மரபணு போய் உட்கார்ந்த இடம், ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைக் கடத்தும் மரபணுவின் நடுவில். 2017-இல் அதை வெளியிட்டவர்களே இந்திய விஞ்ஞானிகள்தான். ஜிஆர்2இ வேறு வகை, இந்தப் பழியை அதன் தலையில் கட்டாதீர்கள்.

பட்டிமன்றத்தில் யாரும் தொடாத இன்னொன்று: வரப்புக்குக் களைக்கொல்லி அடித்தால் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் சேர்ந்தே கருகும். காசில்லாமல் கிடைத்த கரோட்டினைத் தெளிப்பானால் அழித்துவிட்டு அரிசிக்குள் தேடுகிறோம்.

வரப்போரம்
நன்றி. "கீரை வாங்கக் காசில்லாத வீட்டுக்கு என்ன வழி?" என்று மடக்கினால்?

தவிடு
நம் நாட்டில் வைட்டமின் ஏ சொட்டு மருந்து ஏற்கனவே இருக்கிறது. 9 மாதத்தில் 1 மி.லி., அதாவது 1 லட்சம் யூனிட். பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை 2 மி.லி., 5 வயது வரை, மொத்தம் 9 தவணை. பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் வைட்டமின் ஏ குறைபாடு 2003-இல் சுமார் 40 சதவீதம், 2008-இல் 15. அப்போது அங்கே தங்க அரிசி எந்த விவசாயி வயலிலும் இல்லை. 2013-இல் திரும்ப 20-க்கு ஏறியதை எதிரணி எடுத்துப்போடும், அந்த எண்ணையும் கையில் வைத்திருங்கள்.