மறு: பிரெஞ்சு ‘கொந்திசியொனெல் பிரெசான்’ – தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். ‘கிளம்புவேன்’ என்று ஒன்றைச் சார்ந்த விளைவைச் சொல்லும் ‘கொந்திசியொனெல் பிரெசான்’ என்ற பிரெஞ்சு வினை வடிவத்துக்கு விக்சனரியில் (இணைய அகரமுதலி) தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இது என் பதில்.

> ‘நிபந்தனை நிகழ்காலம்’ என்றே வைத்துவிடலாமே. பிரெஞ்சுப் பெயருக்கு நேர்ப் பொருள்தானே?

நேர்ப் பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனை என்றதும் நமக்கு ‘வந்தால்’, ‘இருந்தால்’ என்று ஆல் ஏறிய வினைதான் நினைவுக்கு வரும். பிரெஞ்சில் இந்த வடிவம் அந்த இடத்துக்கே போகாது. ‘ஸி ஜாவே ல தான், ஜ பார்த்திரே’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். நேரம் இருந்தால் கிளம்புவேன் என்று பொருள். ‘ஸி’ என்றால் ‘ஆல்’ போன்ற நிபந்தனைச் சொல். நிபந்தனையைச் சுமப்பது ஸியோடு நிற்கும் ‘ஜாவே’. அது அம்பார்ஃபே என்ற இறந்தகால வடிவம். நாம் பெயர் தேடுவதோ விளைவைச் சொல்லும் ‘பார்த்திரே’வுக்கு! பெயரிலேயே நிபந்தனை என்று எழுதிவைத்தால், மாணவர் ஸிக்குப் பின்னால் ‘ஜாவே’வுக்குப் பதிலாக, அதே வினையின் இந்த வடிவமான ‘ஜோரே’யைப் போடத்தான் செய்வார். ‘ஸிக்கு ரேயைப் பிடிக்காது’ (ரே என்பது இந்த வடிவத்தின் முடிவொலி) என்று பிரெஞ்சு வகுப்புகளில் ஒரு வாய்பாடே சொல்லித் தருகிறார்கள்.

என் பரிந்துரை: சார்பெதிர்வு.

எதிர்வு என்பதற்குக் காரணம் வடிவம். எதிர்கால அடியை அப்படியே எடுத்து அம்பார்ஃபேயின் விகுதியை ஒட்டினால் வேலை முடிந்தது. எத்ர் (இரு), அவ்வார் (உடைத்தாயிரு), அலே (போ), ஃபேர் (செய்) போன்ற முரண்டு வினைகளும் எதிர்காலத்தில் எடுக்கும் அடியையே இங்கும் எடுக்கும்: ஸரே, ஓரே, இரே, ஃபரே. விகுதியில் விலக்கே இல்லை. இலத்தீனில் பிறந்த கதையும் இதேதான். ‘கந்தாரே ஹபேபாம்’ தேய்ந்து ‘ஷாந்த்ரே’ (பாடுவேன் என்பதன் இந்த வடிவம்) ஆனது; தமிழில் ‘பாட இருந்தேன்’ என்பதற்குப் பக்கத்தில் வரும் அமைப்பு. அப்புறம், நன்னூலே காலத்தை இறப்பு, எதிர்வு, நிகழ்வு என்று சொல்வதால் சொல்லும் புதிதல்ல.

சார்பு என்பதற்குக் காரணம் பயன்பாடு. ‘பார்த்திரே’ ஒரு நிபந்தனையைச் சார்ந்தது. ‘இல் அ தி கில் வியாந்த்ரே’, அதாவது வருவதாகச் சொன்னான் என்பதில், வருகை அவன் சொன்ன நேரத்தைச் சார்ந்த எதிர்காலம், நிபந்தனை எதுவுமில்லை. ‘ஜ வூத்ரே’ (எனக்கு வேண்டும்) என்று பணிவாகக் கேட்கும்போது, ஆசை கேட்பவரின் இசைவைச் சார்ந்து நிற்கிறது. செய்தித்தாளில் ‘ல மினிஸ்த்ர் ஸரே மலாத்’ என்று வந்தால், அமைச்சருக்கு உடல்நலம் சரியில்லையாம் என்று அர்த்தம். பிறர் சொல்லைச் சார்ந்த செய்தி, நிருபர் பொறுப்பேற்கவில்லை. நம்முடைய ‘ஆம்’ விகுதி செய்யும் அதே வேலை.

> அமைச்சர் இப்போதுதானே நோயுற்றிருக்கிறார்? எதிர்வு எங்கே வந்தது?

நல்ல கேள்வி. ‘அவர் இந்நேரம் வீட்டில் இருப்பார்’ என்கிறோமே, அங்கே எதிர்காலம் எங்கே இருக்கிறது? உறுதியில்லாத நிகழ்காலத்துக்கு எதிர்கால வடிவத்தைக் கடன் வாங்குவது தமிழுக்கும் பழக்கம்தான்.

சார்பு கணிதத்தில் வேறு பொருளில் வருகிறது என்ற ஆட்சேபத்தை நான் பெரிதாக எடுக்கவில்லை. இலக்கணத்தில் சார்பெழுத்து அதற்கு முன்பே இருக்கிறது, குழப்பம் வந்ததில்லை.

மிஞ்சுவது ‘பிரெசான்’, அதாவது நிகழ்காலம். ‘நிகழ்காலச் சார்பெதிர்வு’ என்றால் பெயருக்குள்ளேயே இரண்டு காலம் மோதும். அதனால் இதை வெறும் சார்பெதிர்வு என்றும், ‘கிளம்பியிருப்பேன்’ என்று பொருள்தரும் கொந்திசியொனெல் பாஸேயை (இதன் இறந்தகால இணை) நிறைவுச் சார்பெதிர்வு என்றும் வைக்கலாம்.

ஒன்று மட்டும் எனக்கே உறுத்துகிறது. ‘நேரம் இருந்தால் கிளம்புவேன்’ என்று தமிழில் ஒரே வாக்கியமாகச் சொல்வதைப் பிரெஞ்சு இரண்டாகப் பிரிக்கிறது: நடக்கக்கூடியது என்றால் எதிர்காலம், வெறும் கற்பனை என்றால் இந்த வடிவம். அந்தக் கற்பனைச் சாயல் ‘சார்பு’ என்ற சொல்லில் வரவில்லை. ‘புனைவெதிர்வு’ என்றால் அது வரும், ஆனால் பணிவும் செய்தியும் வெளியே போய்விடும். இரண்டையும் தாங்கும் சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். விக்சனரியில் ஏற்றச் சில நாள் பொறுக்கலாம்.

அன்புடன்