மணி அடிக்க ஒரு நிமிடம் முந்தி

கொட்டாஞ்சேனைக்காரி:

பள்ளிக்கூடக் காலத்தில் மனம் எப்படி ஆறியது என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது 2019. அப்போது நான் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) வகுப்பு.

ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குத்தான் வழமையாகப் போவோம். அன்றைக்குத் தம்பியின் ஒரு சப்பாத்தைக் காணவில்லை. தேடிப் பிந்திவிட்டது. ஜம்பட்டா வீதியில் நடக்கும்போதே கோயிலில் குண்டு வெடித்த சத்தம் கேட்டது.

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியார் அன்றைக்குச் சப்பாத்தை ஒளித்து வைத்து எங்களைக் காப்பாற்றினார் என்று அம்மம்மா மெழுகுதிரி ஏற்றினா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சப்பாத்தை ஒழுங்காக எடுத்து வைத்த வீட்டுப் பிள்ளைகளை அவருக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு செபம் வாயில் வரவில்லை. 'பரலோகத்தில் இருக்கிற' சொல்லத் தொடங்குவேன். தீமை செய்தவர்களைப் பொறுக்கிற இடம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும்.

மே மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. வாசலில் பை சோதனை. என் பையை மேலால் தடவிப் பார்த்துவிட்டு விட்டார்கள். குண்டு வைத்தது முஸ்லிம் தீவிரவாதிகள் என்பதால், எனக்கு முன்னால் நின்ற முஸ்லிம் சிநேகிதியின் பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். கொம்பாஸ் பெட்டி திறந்து, கவராயம் உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுத்துக் கொடுத்தேன். ஒரு சொல் பேசவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

சமய பாடம் எடுத்த சிஸ்டரிடம் செபிக்க முடியவில்லை என்று அழுதேன். புத்திமதி ஒன்றும் இல்லை. "பரவாயில்ல பிள்ளை. கீழ ரெண்டாம் ஆண்டுக்கு ஒரு ஆள் வேணும், போறீங்களா?" என்றா.

அந்த வகுப்பில் ஒரு சின்னவள். அன்றைக்குக் கோயிலுக்குள் இருந்தவள். வலது காதில் பஞ்சு. பள்ளிக்கூட மணி அடித்தால் மேசைக்கடியில் போய்விடுவாள். என் வேலை இவ்வளவுதான்: மணி அடிக்க ஒரு நிமிடம் முந்திப் போய் அவள் பக்கத்தில் இருந்து, காதுகளைப் பொத்தி, பத்து வரை எண்ணுவது. எட்டுப் பாடம், எட்டு மணி. கணக்கு டீச்சருக்கு எரிச்சல், ஓ/எல் பிள்ளை படியில் ஏறி இறங்கிக்கொண்டே திரிகிறாள் என்று. நியாயம்தான், கணக்கில் எனக்கு 'சீ' தரம்தான் வந்தது.

அந்தச் சிநேகிதிதான் தானாக வந்து, "எட்டு மணியில நாலுக்கு நான் போறன்டி" என்றாள். நோன்பு காலம் வேறு. சின்னவள் ஒவ்வொரு முறையும் தன் மாரி பிஸ்கட்டில் பாதியை அவளிடம் நீட்டுவாள். அவளும் வாங்கிக் கைலேஞ்சியில் முடிந்துகொள்வாள், நோன்பு திறக்க என்று. வீட்டுக்குப் போகும்போது பாதி பாதியாக நாலு துண்டு இருக்கும்.

பத்து எண்ணினால் மணி முடியவில்லை, செபம் என்றால் சரியாக வரும் என்று ஒரு நாள் சின்னவள் சொன்னாள். தொடங்கினேன். வழக்கமான இடத்தில் நின்றுவிட்டேன். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, அவள் அங்கிருந்து எடுத்துச் சொல்லி முடித்தாள், காது சரியாகக் கேட்காத பிள்ளைகளுக்கு வருகிற அந்தப் பெரிய குரலில். முழு வகுப்பும் திரும்பிப் பார்த்தது. மறுநாளும் அப்படித்தான். இரண்டு மூன்று கிழமை நான் பாதி, அவள் பாதி. எந்த நாளில் நானும் முழுதாகச் சொன்னேன் என்று ஞாபகமில்லை.

ஜூன் 12ஆம் தேதி கோயிலைத் திரும்ப அர்ச்சித்தார்கள். அடுத்த நாள் திருவிழாவுக்குப் போனோம். தம்பிக்குப் புதுச் சப்பாத்து.

வெள்ளவத்தை அண்ணா:

தங்கச்சி, எனது 2022. ஏ/எல் (உயர்தரம்) படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருசப் பொருளாதார நெருக்கடியில் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, நினைவிருக்கும். காலைக்கூட்டத்தில் சின்னப் பெடியன்கள் பசியில் மயங்கி விழுவார்கள். கிறிஸ்தவ மாணவர் சங்கத்தில் நாங்கள் ஒரு மேசை போட்டோம். சாப்பாட்டுப் பார்சல் கூடுதலாக உள்ளவன் வைத்துவிட்டுப் போகலாம், இல்லாதவன் எடுக்கலாம், பெயர் எழுதுவதில்லை. நான்தான் பொறுப்பு. பெருமையாகத் திரிந்தேன்.

ஜூனில் அப்பாவின் வேலை போனது. ஒரு நாள் எல்லாரும் போன பிறகு நானே ஒன்றை எடுத்து, ஆய்வுகூடத்துக்குப் பின்னால் நின்று பிரித்தேன். பானும் பருப்பும். பருப்பு இன்னும் சூடு. யார் வீட்டுப் பருப்போ, செத்தல் மிளகாய் கொஞ்சம் கூட. சாப்பிட முந்திச் செபம் சொல்லும் பழக்கம் வெறும் பழக்கமாகத்தான் இருந்தது, அன்றைக்கு மட்டும் உண்மையாகச் சொன்னேன்.

மோதரையிலிருந்து:

எல்லாருக்கும் அப்படி நடக்காது என்பதையும் யாராவது எழுத வேண்டும். ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே போல் சபையில் நான்கு வருசம், சனிக்கிழமை தோறும் முதியோர் இல்லம். உண்மையைச் சொன்னால் சான்றிதழுக்காகத்தான் சேர்ந்தேன். நகம் வெட்டிவிடுவேன், கடிதம் வாசிப்பேன். அமைதி என்று ஒன்றும் வரவில்லை, முதுகுவலி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு எவ்வளவோ காலம். இன்னும் சனிக்கிழமை போகிறேன், ஏன் என்று எனக்கே தெரியாது. ஒரு ஆச்சிக்கு நான் வராவிட்டால் வேறு யாரையும் நகத்தில் கைவைக்க விடமாட்டாவாம்.

கொட்டாஞ்சேனைக்காரி:

அக்கா, வாற சனி எத்தனை மணிக்கு? நானும் வரட்டா?