‘அட்டாக்’ என்றாலே ‘தாக்குதல்’தானா?

கேள்வி:

பல துறைக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கம் செய்து வருகிறேன். என் மொழிபெயர்ப்பு மென்பொருளில் ‘அட்டாக்’ என்பதற்கு நேராகத் ‘தாக்குதல்’ என்று ஒருமுறை பதிந்துவிட்டேன். அன்று முதல் அது எல்லா இடத்திலும் அந்த ஒரே சொல்லை நீட்டுகிறது. நானும் பல நாள் மறுக்காமல் ஏற்றுக்கொண்டேன். சென்ற வாரம் மெய்ப்புப் பார்க்கும்போது மூன்று தொடர்கள் இடறின. விமானவியல் நூலில் “தாக்குதல் கோணம் மிகுந்தால் இறக்கை தூக்குவிசையை இழக்கும்” என்றும், மின்னிசைக் கருவியின் கையேட்டில் “இவ்வொலியின் தாக்குதல் நேரம் 5 மில்லிவினாடி” என்றும், கணினிப் பாதுகாப்புக் குறிப்பில் “அகராதித் தாக்குதலிலிருந்து கடவுச்சொல்லைக் காப்பாற்றுங்கள்” என்றும் எழுதியிருந்தேன். கடைசித் தொடரைப் படித்த என் மகள், அகராதியைத் தூக்கி யார் யார்மீது எறிந்தார்கள் என்று கேட்டாள். துறைதோறும் தனிச்சொல் தேட வேண்டுமா, அல்லது ஒரே சொல்லைக் கொண்டு சமாளிக்க வழி உண்டா?

மறுமொழி 1:

அச்சொல்லின் பிறப்பைப் பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும். இத்தாலிய மொழியில் ‘அத்தக்காரே’ என்ற வினைக்கு ஒட்டுதல், இணைத்தல், தொடங்குதல் என்ற பொருள்கள் இன்றும் உண்டு. அது பிரெஞ்சு வழியாக 1600-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது, போரைத் தொடங்குதல் என்ற ஒரு பொருளே மேலோங்கியது. மின்னஞ்சலில் நாம் அன்றாடம் சேர்க்கும் ‘அட்டாச்மெண்ட்’ இதற்கு உடன்பிறப்பு என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் தமிழருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை; பூவைத் தொடுக்கிறோம், போரையும் தொடுக்கிறோம், வழக்கையும் தொடுக்கிறோம்.

மேற்கத்திய இசையில் அந்தப் பழைய பொருள் அப்படியே உறைந்திருக்கிறது. ஒரு பகுதியின் முடிவில் ‘அத்தக்கா’ என்று எழுதியிருந்தால், இடைவெளி விடாமல் அடுத்த பகுதியைத் தொடர வேண்டும் என்று பொருள். பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி நான்காம் பகுதிக்குள் அப்படித்தான் நுழைகிறது. உங்கள் மின்னிசைக் கருவியிலும் அந்த நேரம் என்பது, கட்டையை அழுத்திய கணத்திலிருந்து ஒலி சுழியத்திலிருந்து உச்சத்தைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரந்தான். தோல் கருவியில் அது மிகக் குறைவு. வில்லால் மெல்ல இழுக்கும் நரம்புக் கருவியில் கூடுதல். ஆகவே அங்கே ‘எழுச்சி நேரம்’ என்று எழுதுங்கள்.

மறுமொழி 2:

மருத்துவ மொழிபெயர்ப்பில் இருப்பவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தமிழில் ஒருவருக்கு ‘அட்டாக் வந்துவிட்டது’ என்று மட்டும் சொன்னால் கேட்பவர் அனைவரும் நெஞ்சையே நினைப்பார்கள். ஆங்கிலத்தில் அவ்வாறு தனித்துச் சொன்னால், எதன் அட்டாக் என்ற கேள்வி எழும். கடன் வாங்கிய சொல்லை நாம் நம் தேவைக்கேற்பக் குறுக்கிக்கொண்டிருக்கிறோம். ‘மாரடைப்பு’ என்ற நம் சொல்லோ ஆங்கிலத்தைவிடத் தெளிவானது, ஏனெனில் குருதிக்குழாய் அடைபடுகிறது என்ற காரணத்தையே அது சொல்லிவிடுகிறது. ஆனால் இதயம் துடிப்பதையே திடீரென நிறுத்திவிடும் நிலையையும் ‘அட்டாக்’ என்ற பெயரிலேயே எழுதுகிறார்கள். அது வேறு, மாரடைப்பு வேறு, முதலுதவியும் வேறு.

மற்ற நோய்களுக்குத் தமிழின் இயல்பான வினைகளே போதும். காய்ச்சல் கண்டது, வலிப்பு வந்தது, இழுப்பு எடுத்தது என்று சொல்லிப் பழகிய மொழியில் ‘ஆஸ்துமா தாக்குதல்’ எதற்கு? ‘பீதித் தாக்குதல்’ என்று எழுதினால் பீதியடைந்த கூட்டம் ஒன்று யாரையோ அடித்ததுபோல் இருக்கிறது. நான் ‘திடீர்ப் பீதி’ என்று எழுதுகிறேன். கொள்ளைநோயியலில் ‘அட்டாக் ரேட்’ என்று ஒன்று உண்டு. விருந்துண்ட 200 பேரில் 50 பேர் நோயுற்றால் அது 25 சதவீதம். அதை ‘தாக்குதல் வேகம்’ என்று ஒருவர் எழுதி அனுப்ப, திருத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ‘நோயுற்றோர் விகிதம்’ என்பதே அதற்குப் பொருந்தும்.

மறுமொழி 3:

அகராதிக்கு வருவோம். அங்கே பகைவன் இருக்கிறான், ஆகவே ‘தாக்குதல்’ தவறில்லை; தவறு தொகைச்சொல்லில் இருக்கிறது. ‘யானைத் தாக்குதல்’ என்றால் தாக்கியது யானை. தமிழில் அச்சொல்லின் முன்னே நிற்கும் பெயரை நாம் பெரும்பாலும் தாக்குபவராகவே படிக்கிறோம், கருவியாகப் படிப்பதில்லை. ஒரு சொற்பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகக் கடவுச்சொல் பெட்டியில் இட்டுப் பார்ப்பதுதான் செயல் என்பதால், ‘சொற்பட்டியல் வழித் தாக்குதல்’ என்று ஒரு ‘வழி’யைச் சேர்த்தால் உங்கள் மகளின் ஐயம் தீரும்.

விமானத்தில் நிலைமை வேறு. இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் நேர்க்கோடு, எதிர்வரும் காற்றோடு உண்டாக்கும் கோணம் அது. சாதாரண இறக்கைகளில் சுமார் 15 பாகையைத் தாண்டும்போது மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிட, தூக்குவிசை சட்டென்று குறைகிறது. ஒளியியலில் உள்ள ‘படுகோணம்’ (ஆங்கிலத்தில் ‘ஆங்கிள் ஆஃப் இன்சிடென்ஸ்’) அழகாகத் தோன்றினாலும் இங்கே ஆகாது, ஏனென்றால் இறக்கை உடற்பகுதியோடு பொருத்தப்பட்டிருக்கும் கோணத்துக்கு விமானவியலில் அதே ஆங்கிலப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. என் பரிந்துரை ‘தாக்குகோணம்’. மின்னல் தாக்குகிறது, வெயில் தாக்குகிறது என்னும்போது யாரும் பகையை நினைப்பதில்லை. ‘தாக்குதல்’ என்று தொழிற்பெயராக்கும்போதுதான் ஒரு தாக்குபவன் வந்து நிற்கிறான். (மனுத் ‘தாக்கல்’ இந்தக் குடும்பமே அல்ல, அது அரபி மூலத்திலிருந்து உருது வழியாக வந்தது.)

கிரிக்கெட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அங்கே ‘அட்டாக்’ என்பது ஓர் அணியின் பந்துவீச்சாளர்கள் அனைவரையும் சேர்த்துக் குறிப்பது. “அவர் மீண்டும் தாக்குதலுக்குள் கொண்டுவரப்பட்டார்” என்று எழுதுகிறார்கள். மனிதரை மீண்டும் பந்துவீச அழைத்தார்கள், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. மென்பொருளில் அந்தப் பழைய பதிவை நீக்கிவிட்டேன். ‘தாக்குகோணம்’, ‘சொற்பட்டியல் வழித் தாக்குதல்’ இரண்டும் நூலில் ஏறிவிட்டன. ‘எழுச்சி நேரம்’ மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. அதே கையேட்டில் ஒலியின் உரத்த பகுதிகளை அடக்கும் கம்ப்ரெஸ்ஸர் என்ற பகுதி வருகிறது. அங்கேயும் இதே சொல் இருக்கிறது.

மறுமொழி 1:

அங்கே ‘எழுச்சி’ நேர்மாறாகிவிடும். ஒலி குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகு கருவி அதை அடக்கி முடிக்க எடுக்கும் நேரம் அது. ஒலி அப்போது எழவில்லை, இறங்குகிறது. ‘அடக்கு நேரம்’ என்று வைத்து, முதல்முறை வரும் இடத்தில் மட்டும் கருவியின் முகப்பில் பொறித்திருக்கும் ‘அட்டாக்’ என்ற பெயரையும் அருகே கொடுத்துவிடுங்கள். படிப்பவர் அந்தத் திருகைத்தானே கையால் தேடப்போகிறார்.