மின்மயானத்தில் உங்களுக்கு நடந்தது: அனுபவங்களைப் பகிருங்கள்

தெற்குவாசல்:
அப்பாவுக்குக் குடம் உடைத்தாயிற்று. தள்ளுவண்டியில் கிடத்தி, நெஞ்சில் கற்பூரம் ஏற்றப் போனேன். மேடை ஊழியர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பெரியவருக்கு நெஞ்சுல பேட்டரி இருக்கா?" இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு, மாலையை ஒதுக்கும்போதே தடவிப் பார்த்திருக்கிறார். பேஸ்மேக்கர், இதயத் துடிப்பைச் சீராக வைக்கப் பொருத்தும் கருவி. உள்ளே லித்தியம் பேட்டரி, சூட்டில் வெடிக்கும், உலைச் செங்கல்லே பெயர்ந்துவிடுமாம். "எடுத்தாத்தான் உள்ள விடுவேன் சார்." சித்தப்பா குதித்தார்: "செத்த உடம்பை அறுப்பீங்களாடா?" உடலை ஒப்படைத்த ஆஸ்பத்திரிக்கு இது தெரியாதா என்ன, ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்த டாக்டர் வந்து சின்னதாகக் கீறி எடுத்துத் தையல் போட்டார். அதைக் கழுவி ஒரு பாலித்தீன் பையில் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். பீரோவில் இருக்கிறது. இதை என்ன செய்வது?

ஒற்றைப்பனை:
சித்தப்பா கத்தியதில் தப்பே இல்லை. இந்த காஸ் மேடையே எனக்கு ஒப்பவில்லை. அம்மாவை உள்ளே தள்ளினார்கள், கதவு இறங்கியது. ஒன்றரை மணி நேரத்துக்குள் தகரத் தட்டில் எலும்பு வந்துவிட்டது, தொட்டால் சுட்டது. "சட்டுனு கலயத்துல அள்ளுங்க, அடுத்தது நிக்குது" என்றார். அப்பாவுக்குக் கட்டையில் வைத்து, மறுநாள் காடாத்துக்குப் போய்ப் பால் தெளித்து, கால் பக்கமிருந்து பொறுக்கினோம். அதில் ஒரு நிதானம் இருந்தது. அப்புறம், அந்தத் தட்டில் இருந்தது முழுக்க அம்மாதானா?

கடைசிபெஞ்ச்:
ஒற்றைப்பனை, ஒவ்வொரு உடலுக்கும் பிறகு கம்பியால் வாரி எடுத்துவிட்டுத்தான் அடுத்ததை ஏற்றுவார்கள். இண்டு இடுக்கில் துளி தூள் தங்கலாம், அவ்வளவுதான். சுடுகாட்டில் மட்டும் முந்தின சாம்பல் மேல் கட்டை அடுக்கவில்லையா?

எங்கள் தாத்தா வீட்டிலேயே போனார், காகிதம் இல்லாமல் மேடை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டார்கள். என் கதை இவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வீட்டில் இறந்தால் முதலில், பார்த்துவந்த டாக்டரிடம் இறப்புக்கான காரணம் எழுதி வாங்குங்கள். இறந்தவர் ஆதார், உங்கள் ஆதார், இரண்டுக்கும் நகல் வேண்டும். மயான ரசீதில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். பிறகு பேங்கிலும் எல்ஐசியிலும் அந்த ஒரு எழுத்துக்காக அலைய விடுவார்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். அதற்குமேல் தாமதக் கட்டணம், ஒரு வருஷம் தாண்டினால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ்வரை போக வேண்டும். கருமாதி முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் நாள் ஓடிவிடும். பிளாஸ்டிக் மாலை, நைலான் துணி எதுவும் உள்ளே போகக்கூடாது. தோடு, மூக்குத்தி, அரைஞாணை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள், மேடையில் விரல் நடுங்கும்.

தெற்குவாசல், பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். பொருத்திய ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

தெற்குவாசல்:
அந்த ஆஸ்பத்திரிக்கா? இன்னொரு தடவை அந்தப் படி ஏற மாட்டேன். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.